காக்கா எடுக்காத சோறு

இலையில் சோறு வைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு காக்கா கூட எடுக்கவில்லை.

மதில்மேல் இலை. அதில் சோறு, சாம்பார், வடை, பாயசம். கீழே பந்தலில் எண்பது பேர், கொலைப்பசியோடு. செத்துப்போன பெரியவர் பாவாடைக்குப் பதினாறாம் நாள் காரியம். காக்கா வாய் வைத்தால்தான் பந்தி. மரக்காணத்து மே மாத வெயிலில் பாயசம் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

காக்கா இல்லாமல் இல்லை. கரண்ட் கம்பியில் பன்னிரண்டு உட்கார்ந்து, பாவாடையின் மகன் ஐயப்பனையே முறைத்துக்கொண்டிருந்தன. முறைக்காமல் என்ன செய்யும்? அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னல் கிரில் உச்சியில் அவை புதிதாகக் கட்டியிருந்த கூட்டை, சொந்தக்காரர்கள் வருகிறார்களே என்று நேற்றுதான் அவன் கழியால் தள்ளிவிட்டிருந்தான். ஊரெல்லாம் பனைமரம் நிற்க, இந்தச் சனியனுக்கு அந்த ஜன்னல்தான் கிடைத்ததா!

"பாவாடை மனசுல ஏதோ கொறை இருக்குதுப்பா," என்றார் சித்தப்பா தங்கராசு.

"கொறை இல்லாம? சோறு போட்டாத்தான?" ஐயப்பனின் தங்கை சூர்யகலா அனுமந்தையிலிருந்து வந்ததே இதைச் சொல்லத்தான். "சாவும்போது எலும்பும் தோலுமா கெடந்தாரு. பாடையில கனமே இல்லன்னு தூக்குனவங்களே சொன்னாங்க!"

பந்தல் மொத்தமும் ஐயப்பனைத் திரும்பிப் பார்த்தது. அப்பனைப் பட்டினி போட்டுக் கொன்றவன் என்று பேர் வந்துவிட்டால் நாளைக்கு உப்பளத்தில் யார் முகத்தில் விழிப்பது?

"யாரு சோறு போடல? வாதம் வந்து நாலு மாசம் படுத்திருந்தாரு. ஒருநாள் தவறுனது உண்டா? விடிகாலைல உப்பளத்துக்குப் போறதுக்கு முன்னாடி, தட்டு நெறைய போட்டு, இடது கைக்கு எட்டுற மாதிரி ஜன்னல் கட்டையில வெச்சிட்டுத்தான் ரெண்டு பேரும் கெளம்புவோம். சாயங்காலம் வந்தா ஒரு பருக்கை இருக்காது. வழிச்சித் தின்னிருப்பாரு!"

"தட்டக் கழுவவே வேணாம், அப்பிடி இருக்கும்," என்றாள் மனைவி பூவிழி.

"வாய் பேச வரலன்னாலும் ஜன்னலக் கை காட்டுவாரு. காத்து வேணும்னு கேக்கறாருன்னு ஜன்னல் கதவையே கழட்டிப் போட்டேன். எந்தப் புள்ள செய்வான்?"

சொல்லிவிட்டு, காக்காவைச் சமாதானம் செய்யக் கிளம்பினான். சிதறிக் கிடந்த கம்பித்துண்டு, விளக்குமாற்றுக் குச்சியெல்லாம் பொறுக்கி, ஏணி போட்டு ஏறிக் கூட்டைத் திரும்பக் கிரில்லில் செருகினான். பதிலுக்கு ஒன்று பறந்து வந்து உச்சந்தலையில் கொத்தியது. ரத்தம் நெற்றியில் வழிந்தது.

மச்சான் மோகனின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இன்னொரு வடையை எடுத்துப்போனான். ஹெல்மெட்டைக் கண்டு மிரண்ட காக்கைகள் கத்தி ஊரைக் கூட்டின. பன்னிரண்டு காக்கா நாற்பது காக்காவாயிற்று. அந்தக் களேபரத்தில் ஓர் ஆடு முன்காலைத் தூக்கி வைத்து, இலையோடு படையலை இழுத்துத் தின்றுவிட்டுப் போனது.

"ஏம்பா, ஆடு எடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?" என்றது பந்தலில் ஒரு பசித்த குரல்.

புது இலை போட்டார்கள். சித்தப்பா சொன்னார்: "வாய்விட்டுக் கேளுடா. உங்கப்பன் இன்னா நெனச்சானோ, அதச் செய்யறேன்னு சொல்லு."

ஐயப்பன் ஹெல்மெட்டோடு கம்பியைப் பார்த்துக் கும்பிட்டான். "அப்பா! பின்னாடி இருக்கிற மனை தங்கச்சிக்குத்தான்!"

காக்கா அசையவில்லை.

"கெணத்தயும் சேத்துச் சொல்லுண்ணா," என்றாள் சூர்யகலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கிணற்றையும் சேர்த்தான். ஊஹூம். மனையும் போயிற்று, கிணறும் போயிற்று. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தன. சாம்பார் ஊசப்போகிறது என்று சமையல்காரர் எச்சரித்தார். சூர்யகலா பந்தலைப் பார்த்து, "நான் சொல்லல?" என்று கை விரித்தாள்.

ஐயப்பனுக்கு அழுகை முட்டியது. என்ன பாவம் செய்தான் அவன்? விறுவிறுவென்று உள்ளே போனான். மூலையில் கிடந்த அப்பாவின் எவர்சில்வர் தட்டை எடுத்தான். தினம் போடுகிற மாதிரியே நிறையப் போட்டு, தினம் வைக்கிற அதே ஜன்னல் கட்டையில் வைத்தான்.

அவன் வெளியே வருவதற்குள் காக்கா வந்துவிட்டது. கொஞ்சமும் பயமில்லாமல் கிரில்லுக்குள் தலையை விட்டு ஒரு வாய் எடுத்தது. ஜோடியைக் கூப்பிட்டது. இரண்டுமாகத் தட்டை வழித்துவிட்டன.

"எடுத்துட்டாரு! எடுத்துட்டாரு!" பந்தலே எழுந்து நின்றது. தங்கராசு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சூர்யகலா "அப்பா!" என்று அலறி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஐயப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினான். ரத்தமும் கண்ணீரும் சேர்ந்து வழிய, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "பாத்துக்கங்க எல்லாரும்! எங்கப்பனுக்கு நான் வெச்ச தட்டுலதான் வவுறு நெறையும்!"

இத்தனை நேரம் எதிர்வீட்டு வாசலில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. நாள் முழுக்க அந்த ஜன்னலைப் பார்த்தபடியே தைக்கிற பாஞ்சாலை, பந்தி ஆரம்பித்துவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மொதல்லயே அங்க வெச்சிருக்கலாம் இல்ல, ஐயப்பா?" என்றாள். "நாலு மாசமா நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும், காக்காவுக்குன்னு வெச்சிட்டுப் போற சோத்த அது தெனமும் அந்தத் தட்டுலதான வந்து தின்னுட்டுப் போவுது?"