மூன்று காவல்காரர்களும் ஒரு கல்யாணமும்

கம்ப்யூட்டரே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை; அவன் அதைத் தொடவே மாட்டான். அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் ஊர் கட்டிப்போட வேண்டும். மேலப்பாளையம் அப்படிக் கட்டிப்போடத் தவறிய ஆள் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மூன்று மாத வகுப்பு முடித்து வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். (பக்கத்தில் வாப்பாவின் போட்டோ. இரண்டும் ஒரே அளவு.) சவூதியில் இருந்த காக்கா, அதாவது என் அண்ணன், கொடுத்தனுப்பிய லேப்டாப்புக்கு நானே அதிபதி.

தங்கை சபீனாவின் கல்யாணத்துக்குக் காக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. உம்மா இரண்டு நாள் அழுதாள்.

"அழாதீங்க உம்மா. மண்டபத்துல பெரிய டிவி வச்சி, லேப்டாப்ப அதோட சேத்து, காக்காவ அங்கனயே உக்கார வச்சிருதேன்" என்றேன். நடக்கக்கூடிய காரியம்தான், வேறு யாராவது செய்திருந்தால்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, லேப்டாப் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் துள்ளியது. 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது! பாதுகாக்க இங்கே அழுத்தவும்!' அழுத்தினேன். வைரஸை விரட்டும் மென்பொருள் என்ற பெயரில் இலவசமாக ஒரு காவல்காரன் இறங்கினான். அவன் கேட்டதற்கெல்லாம் 'சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போனேன். (படித்துப் பார்ப்பதெல்லாம் கத்துக்குட்டிகளின் வேலை.) மறுநாள் அவனைவிடக் கெட்டிக்காரன் என்று இன்னொருவன். அதற்கு மறுநாள் இருவரையும் கண்காணிக்க மூன்றாமவன். திரையோரத்தில் செருப்பு விளம்பரமும் மெத்தை விளம்பரமும் எட்டிப் பார்க்கத் தொடங்கின.

"என்னண்ணே இது?" என்றாள் சபீனா.

"பாதுகாப்பு மும்முரமா நடக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் முழுக்க, கதவைச் சாத்திக்கொண்டு, முடி கொட்டாமலிருக்க வழி என்ன என்று அதே லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தேன். உச்சந்தலையில் ஒரு வடை அளவுக்கு வெளிச்சம். தொப்பி புண்ணியத்தில் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் ஒரு டிவி, பெண்கள் பக்கம் ஒரு டிவி. மாப்பிள்ளை ரியாஸ் வள்ளியூர்க்காரர், தங்கமான பிள்ளை. நெற்றி மட்டும் கொஞ்சம் மேலேறியிருக்கும். அதைப் பற்றி எங்கள் வீட்டுப் பெண்கள் குசுகுசுத்தது ஏற்கெனவே வள்ளியூர்வரை போயிருந்தது.

நிக்காஹ் நடத்திவைக்க ஹஜ்ரத் வந்து உட்கார்ந்தார். டிவியில் காக்கா சலாம் சொன்னான். மண்டபமே பதில் சலாம் சொன்னது. உம்மா இந்நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திய நேரத்தில், காக்கா முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு மொட்டைத் தலை வந்து நின்றது. ஒலிபெருக்கியில் பெண் குரல் கொஞ்சியது: "முடி கொட்டுகிறதா? கவலை வேண்டாம்! இதோ மூலிகை எண்ணெய்!"

மூடினேன். இரண்டு மொட்டைத் தலைகள் வந்தன. அவற்றையும் மூடினேன். நான்கு வந்தன. அங்கே காக்காவுக்கு இது எதுவும் தெரியவில்லை. மொட்டைத் தலைகளுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் கேட்டது.

"ஏலே, மாப்பிள்ளையக் காட்டு லே! மாப்பிள்ளையக் காட்டு!"

பெண்கள் பக்கம் முதல் சிரிப்பு வெடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் விருட்டென்று எழுந்தார்.

"எங்க பிள்ளையக் கேலி பண்ணுததுக்குன்னே டிவி வச்சிருக்கியளோ? எந்திரி லே ரியாஸ், போவோம்!"

நான் கம்பியைப் பிடுங்கினேன். டிவி அணைந்தது, சிரிப்பு அணையவில்லை. ரியாஸ் எழுவதா வேண்டாமா என்று பாதி எழுந்த நிலையில் இருந்தார். எனக்குச் சபீனாவின் முகம் ஞாபகம் வந்தது. ஹஜ்ரத்தின் மைக்கை வாங்கினேன்.

"மாமா, அது மாப்பிள்ளைக்கு வந்ததில்ல. எனக்கு வந்தது. ஒரு வாரமா நான்தான் தேடுதேன். நான் தேடுததை எல்லாம் எதுவோ உளவு பாத்து விளம்பரமாப் போடுது." நம்பாமல் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, குனிந்து, உச்சந்தலையைச் சபைக்குக் காட்டினேன்.

முதலில் சிரித்தவர் ஹஜ்ரத். பிறகு தாய்மாமன், தோளில் துண்டு நழுவும்படி சிரித்தார். ரியாஸ் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "மச்சான், அந்த எண்ணெய் கேக்குமா?"

நிக்காஹ் முடிந்தது. காக்கா அதைப் போனில் பார்த்தான்.

மறுநாள் லேப்டாப்பை சர்வீஸ் கடை சுடலை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "திருடன் வாரான் திருடன் வாரான்னு கத்துனவன் கையிலயே வீட்டுச் சாவியக் குடுத்திருக்கீரே வே! ஒருத்தனில்ல, மூணு பேருக்கு!" எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, உருப்படியான ஒன்றை மட்டும் போட்டுத் தந்தார். அன்றிலிருந்து எது கேட்டாலும் முழுக்கப் படிக்காமல் 'சரி' தட்டுவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆழ்வார்குறிச்சியில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் வாப்பா தயங்கித் தயங்கி, "தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது, தொப்பியக் கொஞ்சம்..." என்றார். நான் கையை உயர்த்துவதற்குள் உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க வாப்பா. அதான் தங்கச்சி கல்யாணத்துல மைக் புடிச்சி ஊருக்கே காட்டியாச்சே!"

பெண் முகத்தைக்கூடப் பார்க்காமல் உடனே 'சரி' என்றேன். எதையும் படித்துப் பார்க்காமல் நான் கடைசியாகச் சொன்ன 'சரி' அதுதான் என்று ஒவ்வொரு பெருநாளைக்கும் என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.