முக்காலி வைத்த தண்ணி வண்டி

கிணற்றடிக்குப் போன சத்தியபாய் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். மேலே மரச்சட்டம் இருந்தது. கயிறு இருந்தது. கயிறு ஓட வேண்டிய கப்பியை மட்டும் காணவில்லை.

"இஞ்சேருங்க! கிணத்துக் கப்பிய எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான்!"

வீட்டுக்குப் பின்னால் சாய்ப்புக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தங்கையன், கையிலிருந்த திருப்புளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கப்பி அவர் மடியில்தான் இருந்தது. பக்கத்திலேயே, யார் யாரிடமோ கெஞ்சி வாங்கிய வேறு மூன்று கப்பிகளும் இருந்தன.

தங்கையனுக்குப் பாறசாலைச் சந்தை முக்கில் சைக்கிள் கடை. கைவேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் எப்போதும் வீட்டுச் சாமானைத் தின்றுதான் வளர்ந்தது. போன வருஷம் காலால் மிதித்துத் தேங்காய் துருவும் மெஷின் ஒன்று செய்தார். முதல் மிதியிலேயே தேங்காய் முறி பக்கத்து வீட்டு ஓட்டில் போய் விழுந்தது. அன்றைக்குச் சத்தியபாய் சொல்லிவிட்டாள்: இனி இந்த வீட்டு ஆணி ஒன்று அசைந்தாலும் தனக்குத் தெரிந்துதான் அசைய வேண்டும்.

அதற்குப் பிறகும் அவர் கப்பியைக் கழற்றினார் என்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. தமிழ் பேசுகிற தாலுக்காக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்க வேண்டுமென்று தெருவெல்லாம் பேச்சு. பாறசாலையில் பெரிய ஊர்வலம் நடத்தத் தீர்மானமாகியிருந்தது. அதைச் சினிமாவாகப் பிடிக்க நார்பர்ட் இருந்தான். காரோட்டுக் கடற்கரைக்காரன். கொழும்பில் ஒரு துரையிடம் வேலை பார்த்துவிட்டு, சாவி கொடுத்தால் ஓடுகிற சினிமாக் காமிராவோடு ஊர் திரும்பியவன். ஒரே ஒரு குறை. காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பான், அவனோடு சேர்ந்து படமும் நடக்கும். கோயில் திருவிழாவை எடுத்துக் காட்டினபோது பார்த்தவர்கள் பாதியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

"கடல்ல பொறந்த எனக்கே தல சுத்துது தங்கையண்ணா" என்றான் நார்பர்ட்.

தங்கையன் ஒரு தடவை திருவனந்தபுரத்துப் பக்கம் சினிமா ஸ்டுடியோவுக்கு டயர் கொடுக்கப் போயிருந்தார். மற்றவர்கள் நாயகியைப் பார்த்தார்கள். அவர், காமிராவை வைத்துத் தள்ளுகிற வண்டியைப் பார்த்தார். தண்டவாளத்தின் மேல் அது வழுக்கிக்கொண்டு போன அழகில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அதுக்குப் பேரு டிராலி. நான் கெட்டுகேன்" என்று நார்பர்ட்டிடம் வாக்குக் கொடுத்தார்.

"உங்களால ஒக்குமா அண்ணா?"

"தாலி கெட்டத் தெரிஞ்சவனுக்கு டிராலி கெட்டத் தெரியாதாலே மக்கா? டெல்லியில எல்லைக் கோடு போடுகவன் இந்தப் படத்தப் பாக்கணும். ஆடாமப் பாக்கணும்."

அந்த வாக்குக்காகத்தான் இப்போது கப்பி மடியில் கிடந்தது. சத்தியபாய் சாய்ப்பு வாசலில் வந்து நின்றாள்.

"கப்பி இங்க என்ன செய்யுது?"

தங்கையன் வாயைத் திறந்தார். பொய் தானாக வந்து விழுந்தது.

"ஒனக்குத்தானாட்டி. கிணத்துல இருந்து அடுக்களைக்கு மேட்டுல கொடம் சுமந்து இடுப்பு நோவுதுண்ணு சொன்னேல்லா? ஒரு தண்ணி வண்டி செய்யுதேன்."

சத்தியபாய் அவரைப் பார்த்தாள். கப்பிகளைப் பார்த்தாள். திரும்பவும் அவரைப் பார்த்தாள்.

"எனக்காகவா?"

"பின்ன?"

"நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு வாளியை அவர் முன்னால் வைத்தாள். "கப்பி இல்லாம என்னால இழுக்க ஒக்காது. வண்டி தீருகது வரைக்கும் வெள்ளம் நீங்க கோரித் தாருங்க."

நியாயமாகத்தான் இருந்தது. தங்கையன் வெறுங்கையால் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்.

வண்டி வளர்ந்தது. அயினி மரப் பலகை ஒன்றின் அடியில் நான்கு கப்பிகள். கப்பியின் பள்ளம் உட்கார்ந்து ஓட, கிணற்றிலிருந்து அடுக்களை வரைக்கும் இரண்டு வரிசை மூங்கில். மேட்டைச் சீராக வெட்டித் தரையைச் சமன் செய்தார். சோதனை ஓட்டத்துக்கு நார்பர்ட்டும் காமிராவும் சேர்ந்த பாரம் வேண்டுமே, என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சத்தியபாய் சொன்னாள்:

"தண்ணி வண்டியில வேற என்ன வைப்பிய? கொடத்த வையுங்க. வாய் முட்ட நிறைச்சு வையுங்க. ஒரு சொட்டு தளும்பாம வந்தா வண்டி நல்ல வண்டி."

தங்கையனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆட்டத்தை அளக்க இதைவிட நல்ல கருவி எந்த ஸ்டுடியோவில் இருக்கிறது? ஒன்றும் தெரியாத பெண்பிள்ளை, தெரியாமலே எவ்வளவு பெரிய யோசனை சொல்லிவிட்டாள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

முதல் ஓட்டத்தில் குடத்தில் பாதிதான் வந்து சேர்ந்தது. மூங்கிலின் கணுவுக்குக் கணு வண்டி துள்ளியது. கணுக்களைச் செதுக்கினார். அப்புறமும் தளும்பியது. மூங்கிலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கமுகு மரத்தை நீள நீள வாரிகளாகப் பிளந்து, உருட்டி இழைத்து, தேங்காய் எண்ணெய் பூசினார். கொஞ்சம் அடங்கியது. அம்பூரியிலிருந்து ரப்பர் ஷீட் வாங்கிப் பலகைக்கும் கப்பிக்கும் நடுவில் மெத்தை மாதிரி வைத்தார். இன்னும் அடங்கியது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சோதனை. ஒவ்வொரு சோதனைக்கும் நிறைகுடங்கள். அடுக்களைத் தொட்டி நிறைந்தது, மாட்டுத் தொட்டி நிறைந்தது, சத்தியபாய் புதிதாக வாங்கி வைத்த அண்டாவும் நிறைந்தது.

"இன்னிக்கு ரெண்டு சொட்டு சிந்திட்டு" என்பாள் அவள், அடுக்களை வாசலில் சாய்ந்துகொண்டு. "இன்னும் ஒரு மட்டம் ஓட்டிப் பாருங்க. வாழைக்கு வெள்ளம் விடணும்... இல்ல, வண்டி சரியாகணும்லா?"

ஊர்வலத்துக்கு முந்தின நாள், வாய் முட்ட நிறைந்த குடம் ஒரு துளி சிந்தாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றது. தங்கையன் குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் பலகையின் நடுவில் காமிராவுக்கான முக்காலியை முடுக்கினார். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் புரியவில்லை.

"சத்தியபாயி, நாளைக்கு இந்த வண்டிய ரோட்டுக்குக் கொண்டு போறேன். ஊர்வலத்துல வாறவங்களுக்குக் குடிக்க வெள்ளம் குடுக்கணும்லா?"

"கொண்டு போங்க. நானும் வாறேன். காமிராவ எங்க வைக்கணும்?"

தங்கையன் முக்காலியை மறைத்துக்கொண்டு நின்றார். "ஒனக்கு... எப்பத் தெரியும்?"

"எப்பமோ தெரியும். இப்பம் பாருங்க, கொடத்துக்கு ஆராவது முக்காலி போடுவினுமா?"

மறுநாள் விடிந்ததும் கமுகு வாரிகளை ரோட்டோரம் பரப்பி, வண்டியை ஏற்றி வைத்தார்கள். தூரத்தில் கோஷம் கேட்க ஆரம்பித்தது. நார்பர்ட் பையிலிருந்து காமிராவை எடுத்து முக்காலியில் பூட்டினான். அப்போதுதான் வளைவில் போலீஸ் தொப்பி தெரிந்தது. ஊர்வலத்தைப் படம் பிடிக்கிறவனைக் கண்டால் பெட்டியைப் பிடுங்கி வை என்று ஏட்டுக்கு உத்தரவாம். பாறசாலையில் படம் பிடிக்கிறவன் ஒருத்தன்தான்.

ஏட்டு நேரே நார்பர்ட்டிடம் வந்து மலையாளத்தில் அதட்டினார். "காமிரா எவிடெடோ?"

நார்பர்ட் திரும்பிப் பார்த்தான். வண்டியில் காமிராவைக் காணோம். நனைந்த சாக்கு மூடிய ஒரு பொருளைச் சுற்றி நான்கு குடங்கள் நின்றன. நடுவில் சத்தியபாய் ஏறி உட்கார்ந்திருந்தாள், கையில் சிரட்டை அகப்பையோடு.

"இது எந்தா? ரெயில்வேயோ?"

"வெள்ள வண்டியாக்கும் சாரே. வெயில்ல வாற பிள்ளியளுக்கு. ஒங்களுக்கும் உண்டு, குடியுங்க."

ஏட்டு குடித்தார். வெயிலுக்கு இதமாக இருந்தது. இன்னொரு அகப்பையும் குடித்தார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே, நார்பர்ட்டை எதிர்க் கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஊர்வலம் வந்துவிட்டது. கொடிகளும், கோஷமும், ரோடு நிறைய முகங்களும். தங்கையன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நார்பர்ட்டைப் பார்த்தார். இத்தனை நாள் பாடு வீண். பெஞ்சிலிருந்து நார்பர்ட் கத்தினான்:

"அக்கா! சாவி குடுத்தாச்சா?"

"எந்து சாவி?" என்றார் ஏட்டு.

"வீட்டுச் சாவி சாரே. இவிய பூட்ட மறந்துருவாவ. அக்கா, நல்லா முறுக்கிக் குடுங்க! பொறவு பித்தான அமுக்குங்க!"

"வீட்டுக்கு பித்தானோ?"

"புதுப் பூட்டு சாரே."

சாக்கின் ஓட்டை வழியே காமிராவின் கண் எட்டிப் பார்ப்பதையும், சாக்குக்கு அடியில் சத்தியபாயின் கை போவதையும் தங்கையன் பார்த்தார். "தள்ளுங்க" என்றாள் அவள், உதடு அசையாமல். அவர் தள்ளினார். வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஊர்வலத்தின் பக்கத்திலேயே போனது. சாக்குக்குள்ளிருந்து கிர்ர்ர் என்று ஒரு சத்தம்.

"அது எந்தா சத்தம்?" ஏட்டு எழுந்தார்.

"கப்பிக்கு எண்ணெ இல்ல சாரே" என்றாள் சத்தியபாய்.

தங்கையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்க கப்பியா? எனக்க கப்பி ஒருநாளும் சத்தம்..."

சத்தியபாயின் பார்வை அவர் மேல் விழுந்தது. "ஆமா சாரே" என்றார் தங்கையன். "எண்ணெ இல்ல."

அன்று முழுக்க அவர் தள்ளினார். முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார், நடுநடுவே சந்தைக் கிணற்றுக்கு ஓடிக் குடங்களை நிறைத்துக்கொண்டு வந்தார். ஊர்வலத்துக்காரர்கள் குடித்தார்கள். போலீஸ்காரர்கள் குடித்தார்கள். ஒரு வலது கை வெள்ளம் ஊற்றியது, ஒரு இடது கை படம் பிடித்தது, இரண்டும் சத்தியபாயுடையவை.

படம் மதராசில் கழுவி வந்து சேர்ந்தபோது நார்பர்ட் வீட்டு முற்றத்தில் பாலராமபுரத்து வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டினான். ஊரே வந்திருந்தது. முகங்கள் ஒவ்வொன்றாக நிதானமாக நகர்ந்து வந்தன. ஒரு நடுக்கமில்லை. "எனக்க மோன்!" என்று ஒருத்தி அழுதாள். "அது நானாக்கும்!" என்று ஒருவர் எழுந்து நின்றார். எல்லோரும் சத்தியபாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

டிராலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தங்கையன் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தியளா, கொஞ்சமாவது ஆடுதா?" என்றார்.

"எதுக்கு ஆடணும்?" என்றார் அவர். "ரோடு ஆடுமா?"

தங்கையன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில்தான் முற்றம் கலகலவென்று சிரித்தது. நிமிர்ந்து பார்த்தால், வேட்டியில் அவரே இருந்தார். வேட்டி நிறைய அவர் முகம். வேர்த்து வழிந்து, வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, காமிராவை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டு. அதோடு படம் முடிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது தங்கையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை பேர் மறந்ததை இவள் மறக்கவில்லையே. அத்தனை கூட்டத்தை விட்டுவிட்டு, உண்டாக்கினவன் முகம் இருக்கட்டும் என்று காமிராவைத் திருப்பியிருக்கிறாள். குரல் இளகியது.

"சத்தியபாயி... எனக்க மொகத்த எடுக்கணும்ணு ஒனக்கு எப்பிடித் தோணிச்சு?"

"எடுக்கவா? கொடம் காலியாச்சு, போயி வெள்ளம் கோரிட்டு வாருங்கண்ணு சொல்லத் திரும்பினேன், பெட்டியும் கூடத் திரும்பிட்டு" என்றாள் அவள். "பித்தான்ல இருந்து கைய எடுக்க மறந்துட்டேன்."