தலைவர் இருக்கிற வீடு

அந்த வார்த்தைக்கு அன்றே ஒரு முடிவு கட்டிவிடுவது என்று மாதா கோயில் பெஞ்சிலேயே தீர்மானித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜொவிட்டா மைக்கைப் பிடித்தாள். எங்கள் தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம் "குடும்பத் தலைவி மர்சலின் இல்லத்தில்" என்று அறிவித்தாள். மர்சலின் என் மனைவி. அப்படியானால் நான் யார்? அந்த இல்லத்தில் வாடகைக்கு இருப்பவனா?

மந்தைவெளியில் எங்கள் வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. வெளியிடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதுகூட மர்சலின்தான். செருப்பைக் கழற்றிய பிறகுதான் வெடித்தேன். தலைவி என்றால் தலைவரின் மனைவி. தலைவர் இருந்தால்தான் தலைவி. எட்டாவது படித்த எனக்கே தெரிகிறது, டீச்சர் வேலை பார்க்கிற ஜொவிட்டாவுக்குத் தெரியாதா?

"அப்போ டாக்டர் பொண்டாட்டி ஊசி போடுவாளா?" என்றாள் மர்சலின், கீரை ஆய்ந்துகொண்டே.

உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வீட்டுக்குத் தலைவர் நான்தான், அதை ஜொவிட்டாவுக்கும் சொல்லியாக வேண்டும் என்று கத்தினேன். மர்சலின் உடனே போனை எடுத்தாள்.

"ஜொவிட்டா, இனிமே எங்க வீட்டுக்குத் தலைவர் அவர்தான்மா. எல்லாம் அவரே பாத்துப்பாரு."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்த வெற்றியை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு சுற்று நடந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினாறு நாற்காலிகளை நானே எண்ணிப் போட்டேன். பதினாறும் நிறைந்தன. மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"தலைவர் அங்கிள், ஜெபத்தை ஆரம்பிங்க" என்றாள் ஜொவிட்டா.

கூட்டம் நடக்கிற வீட்டின் தலைவர்தான் முதல் ஜெபத்தைச் சொந்தமாக, சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆமென் என்பார்கள். இத்தனை வருடமும் எங்கள் வீட்டில் அதைச் சொன்னது யார் என்பது அப்போதுதான் உறைத்தது. சமையலறைக்கு ஓடினேன். மர்சலின் நிதானமாகத் தட்டில் சமோசா அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயே தலைவியா இரு. வந்து ஆரம்பி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"என்கிட்ட சொன்னா எப்படிங்க? ஊருக்கெல்லாம் தலைவர்னு சொல்லியாச்சு. அங்க போய்ச் சொல்லுங்க, வர்றேன்."

திரும்பி வந்து நின்றேன். இருந்த உயிரையெல்லாம் திரட்டி, "இந்தக் குடும்பத்துக்குத் தலைவி மர்சலின்தான்" என்றேன்.

மூடிய கண்ணைத் திறக்காமலே பதினாறு பேரும் "ஆமென்" என்றார்கள்.