தண்ணீர் காட்டிய ராஜ்யம்

கானகிரி என்றொரு நாடு. அங்கே மழையைத் தவிர மற்றதெல்லாம் அரசாணைப்படி நடந்தது.

ஒரு கோடையில் ஏரி வறண்டது. சினைப்பசு மயிலையை ஓட்டிக்கொண்டு வேலாத்தாள் அரண்மனை வாசலில் போய் நின்றாள்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டோணுமுங்க சாமி. வேறொண்ணும் கேக்கல.”

காட்சித்துறை அமைச்சர் அழகேந்திரர் முகம் மலர்ந்தார். “காட்டினால் போதுமா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே.”

மறுவாரமே மாயக்கண்ணாடிகள் வந்து இறங்கின. வேலாத்தாள் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். கரை ததும்பும் ஏரி. தாமரை இலையில் உருளும் துளி. கொக்கு எழும்பியபோது அதன் சிறகுக்காற்று காதில் பட்டது போலிருந்தது. நனைந்துவிடுமென்று சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பிறந்ததிலிருந்து அப்படியோர் ஏரியை அவள் கண்டதில்லை.

மயிலைக்கும் ஒன்று மாட்டினார்கள். அது காற்றை நக்கியது, கத்துவதை நிறுத்தியது. நாட்டில் தாகம் ஒழிந்ததென்று முரசு அறைந்தார்கள்.

“மனிதச் சந்தை நிரம்பிவிட்டது மன்னா,” என்றார் அமைச்சர். “மாடுகளைச் சேர்த்ததில் வளர்ச்சி இரட்டிப்பு. ஆடும் கோழியும் இன்னும் யாரும் தொடாத சந்தை. அண்டை நாடுகளும் விலை கேட்கின்றன.”

ஒரே குறை, கண்ணாடிகளுக்குப் படம் அனுப்பும் யந்திரங்கள் சூடேறின. அவற்றைக் குளிர்விக்க, ஊர்க்கிணறுகளில் மிச்சமிருந்த நீரையும் இறைத்துத் தர ஆணை பிறந்தது. முறையிட்டவர்களுக்கு இன்னும் பெரிய ஏரி தெரியும் கண்ணாடி வழங்கப்பட்டது.

மயிலையின் வயிற்றில் கன்று புரள்வது குறைந்தது. தடவிப் பார்த்த வேலாத்தாள், அதன் கண்ணாடியைக் கழற்றி வேலியில் மாட்டினாள்.

“வா கண்ணு, போலாம்.”

ஊரே மாடுகளை ஓட்டிக்கொண்டு அவள் பின்னால் கிளம்பியது.

வழியில் அரண்மனை. உப்பரிகையில் மன்னர் தங்கக் கண்ணாடி அணிந்து, ஆளில்லாத மைதானத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள்ளே லட்சம் பேர் ஆரவாரித்திருக்க வேண்டும். அந்த முகத்தின் ஒளியைப் பார்த்து வேலாத்தாளே ஒரு கணம் நின்றுவிட்டாள்.

எல்லைக் காவலர்களும் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதில் எல்லை பத்திரமாக மூடியிருந்தது.

பக்கத்து நாட்டு ஆற்றில் மயிலை மூக்குவரை முகத்தை அமிழ்த்தியது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: “உங்க ராசா எப்படீங்க விட்டாரு?”

“அவருக்குத் தண்ணி காட்டிட்டு வந்துட்டமுங்க.”

அவர் சிரித்தார். “அந்தக் கண்ணாடி எங்க ஊருக்கும் வருதாமுங்க. நல்லாருக்குங்களா?”

வேலாத்தாள் ஆற்றைப் பார்த்தாள்.

“இதைவிட அழகா இருக்குமுங்க. அது வாரதுக்குள்ள மாடு குடிச்சு முடிக்கட்டும்.”