இடது பக்கம் பாடாத ஹெட்போன்

மூக்கண்டப்பள்ளி,
ஓசூர்.
7-11-1993

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்தில் ரேடியோக் கடை வைத்து நாலு பேரிடம் நல்ல பெயர் எடுத்திருக்கும் அன்பு மச்சான் கௌஸ் மொய்தீன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரோஷன் பீயின் புருஷன் மெஹபூப் பாஷா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை, எனக்கும் தெரியும். ஆனால் இவ்விடம் ஒருவரும் சுகமில்லை. உங்கள் தங்கை அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். என் மகள் வஜிஹா என் முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் சென்னப்பன் வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டார். நான் அரைப் பாட்டு கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். அவ்விடத்திலாவது எல்லோரும் சுகமாக இருங்கள்.

இத்தனைக்கும் காரணம் உங்கள் கடையிலிருந்து வந்த அந்த ஹெட்போன். நான் அதைக் கேட்டு வாங்கவில்லை என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். ஷிப்ட் முடிந்து வந்து கை கால் கழுவி, டீ குடித்துக்கொண்டே டேப் ரிக்கார்டரில் இரண்டு பாட்டு கேட்பது என் வழக்கம், வேறு கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. அது சென்னப்பனுக்குப் பொறுக்கவில்லை. முதலில் சுவரைத் தட்டினார், பிறகு கதவைத் தட்டினார், பிறகு உள்ளேயே வந்து நின்று, "பாஷா, சவுண்டு கம்மி மாடி! நம்ம எருமைங்க மிரண்டு போயி பாலே எறக்க மாட்டேங்குது" என்றார். குறைத்தேன். இன்னும் குறை என்றார். எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்த பிறகும், தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கிறது என்று சாதித்தார். இப்படி வாய் கூசாமல் புளுகுகிற மனுஷரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று உங்களிடம் புலம்பினேன். அதைக் கேட்டு உங்கள் மகன் ஜமீர் தன்னுடைய வாக்மேனை எனக்கே கொடுத்துவிட்டான். நோன்புப் பெருநாள் கழிந்ததும் மருமகனாக வரப்போகிற பிள்ளை, இப்போதே மாமனாரின் கஷ்டம் பார்க்கிறானே என்று நெஞ்சு குளிர்ந்தது. நீங்களும், "மாப்ளே, வெல கம்மி, ஆனா சத்தம் ஃபாரின் சாமானாட்டம் இருக்கும்" என்று சொல்லி, காதுக்குள் செருகுகிற இந்த ரகத்தைக் கொடுத்தனுப்பினீர்கள்.

நான் நியாயமாகத்தான் பேசுவேன். கம்பெனி பிரஸ் ஷாப்பில் தகரம் அடிக்கிறவன் எதையும் பார்த்த மாத்திரத்தில் குறை சொல்லமாட்டான், பிடித்துப் பார்ப்பான், வளைத்துப் பார்ப்பான், அப்புறம்தான் வாயைத் திறப்பான். ஒயர் மெல்லிசு, ஆனாலும் உறுதி. நீளம்தான் போதாது. வாக்மேனை லுங்கி மடிப்பில் செருகினால் தலையை நிமிர்த்த முடியாது, சட்டைப் பையில் வைத்தால் கையை வீச முடியாது. காதுக்குள் போகிற குமிழ் இரண்டுக்கும் கறுப்புப் பஞ்சு உறை போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்று முதல் நாளே ரசத்தில் விழுந்து, ஏதோ மசாலா என்று நான் மென்றும் விட்டேன். குமிழ் காதில் நிற்க வேண்டுமென்றால் சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது. ஒயர் சட்டையில் உரசினால் பாட்டுக்கு நடுவே யாரோ வாசல் பெருக்குகிற சத்தம் வருகிறது. இத்தனையும் நான் பொறுத்துக்கொண்டேன் மச்சான். கொடுத்த விலைக்கு இது போதும், இதற்குமேல் ஆசைப்படுவது நம் தகுதிக்கு ஒத்துவராது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் எல் என்று எழுதியிருக்கிற இடது பக்கம் பாடவில்லை. சுத்தமாக ஊமை என்றும் சொல்ல முடியாது, பாகலூரில் யாரோ பாடுவதை இங்கிருந்து கேட்பது போல ஒரு முனகல், அவ்வளவுதான். ஆர் பக்கம் மட்டும் கணீரென்று இருக்கிறது. அதனால் வந்த கொடுமை என்னவென்றால், என்னிடம் ஒரு ஜோடிப் பாட்டு கேசட் இருக்கிறது, அதில் பெண் குரலை ஒரு பக்கமும் ஆண் குரலை இன்னொரு பக்கமும் பிரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் என்னை மறந்தாயா என்று கேட்கிறாள். பதில் இல்லை. வயலின் கொஞ்ச நேரம் வாசிக்கிறது. நான் இங்கேதானே இருக்கிறேன் என்று அவளே மறுபடியும் சொல்கிறாள். அதற்கும் பதில் இல்லை. பாட்டு முடிகிற வரைக்கும் அந்த மனுஷன் வாயைத் திறக்கவேயில்லை. கம்பெனியிலிருந்து களைத்து வருகிறவன் தினமும் கேட்கிற பாட்டா இது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, வீட்டில் கேட்டுப் பார்ப்போம் என்று உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். "நல்லாத்தான இருக்குது" என்றாள். அண்ணன் கடைச் சாமானை எந்தத் தங்கை குறை சொல்லியிருக்கிறாள்? வஜிஹாவும் காதில் வைத்துப் பார்த்து அதையேதான் சொன்னாள். அவள் வாழப்போகிற வீட்டுச் சாமான், அவள் வேறென்ன சொல்வாள். இவர்களை நம்பிப் பயனில்லை என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன், நீங்களும் கோபப்படாமல் வேறொன்று அனுப்பினீர்கள், அதுவும் இடது பக்கம் பாடவில்லை. அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனபோது இடது பக்கமாக வந்த ஒரு டெம்போ என் சட்டையை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "யோவ், எத்தினி வாட்டி ஆரன் அடிக்கிறது?" என்று கத்தினான். ஒரு வாட்டிகூட அடிக்கவில்லை மச்சான், அந்தப் பக்கம்தான் ஹெட்போன் பாடவேயில்லையே, அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா? சரி, வீட்டோடு கிடப்போம் என்று கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் அதற்கும் சென்னப்பன் வந்துவிட்டார். டேப்பை நிறுத்திய நான் இப்போது கூடச் சேர்ந்து பாடுகிறேனாம், அது தெருவுக்கே கேட்கிறதாம். "டேப்பே எவ்வளவோ வாசி பாஷா, அதாச்சும் தாளத்துல பாடும்" என்று சொல்லி, மாசம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவசரக்காரன் அல்ல என்று காட்டத்தான் அதைக் கம்பெனிக்கே எடுத்துப்போனேன். சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் பிரஸ் லைன் ஆட்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் காதில் வைத்துக் கேட்டார்கள். எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது, அடையாளம் போட்டபடியே வைத்துத்தான் கேட்டார்கள். பீஸை மெஷினின் டை அச்சில் பக்கம் மாற்றி வைத்தால் விரல் போகும், அதனால் மாற்றி வைத்துப் பார்க்கிற புத்தி எங்கள் லைனில் ஒருவனுக்கும் கிடையாது. முதலில் கோவிந்தப்பன், அவன்தான் லைனில் மூத்த கை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "லெப்ட்டு செத்துப்போச்சு பாஷா" என்றான். அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும். லைன் முழுக்க ஒரே தீர்ப்பு. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட் எண்ணுகிற அற்புதராஜ் மட்டும் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானய்யா கேக்குது" என்றார். மெஷின் பக்கமே வராத மனுஷருக்கு என்ன தெரியும் என்று எல்லோரும் சிரித்தோம். ரிஜெக்ட் ஆன பீஸுக்குச் சிவப்புப் பெயிண்ட் வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம், கோவிந்தப்பன் அந்த எல் குமிழ்மேல் ஒரு சொட்டு வைத்துவிட்டான். அது காய்வதற்குள் நான் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வர, காதில் ரத்தம் வழிகிறது என்று உங்கள் தங்கை போட்ட கூச்சலில் சென்னப்பனின் எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

இது வரைக்கும் நடந்ததெல்லாம் சாமான் கோளாறு. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் என் நெஞ்சைப் பிளந்துவிட்டது. ஜமீரே நேரில் வந்தான். மரியாதையாக உட்கார்ந்தான், பிரியாணி சாப்பிட்டான், பிறகு சிவப்பு வைத்த அந்த ஹெட்போனையே வாங்கி எல்லோர் முன்னாலும் காதில் வைத்துக் கேட்டான். "மாமா, ரெண்டு பக்கமும் ஜோரா கேக்குதே" என்றான். நல்லாக் கேளுப்பா என்றேன். மறுபடியும் கேட்டுவிட்டு, "அல்லா மேல ஆணையா சொல்றேன் மாமா, ஒரு கொறையும் இல்ல" என்றான். ஆணை வைக்கிறான் மச்சான்! ஒரு லைன் முழுக்க ஆம்பிளைகள் கேட்டுச் செத்துப்போச்சு என்று சொன்ன சாமானுக்கு, தன் அத்தா கடைப் பெயரைக் காப்பாற்ற என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஆணை வைக்கிறான். ஒரு முழ ஒயருக்கு இவ்வளவு துணிந்து பொய் சொல்கிறவன் நாளைக்கு என் மகளிடம் என்னென்ன சொல்ல மாட்டான்?

அவன் போன பிறகு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஒரு ஒயருக்கோசரம் பொண்ணு வாழ்க்கையவே அத்து வுடுறீங்களா?" என்று உங்கள் தங்கை கேட்டாள். அதற்குமேல் அவள் சொன்னது ஒன்றும் எனக்குப் புரியவில்லை, இப்போதெல்லாம் அவள் என்னிடம் வாய்க்குள்ளேயேதான் பேசுகிறாள், மரியாதை போன வீட்டில் அப்படித்தான். வஜிஹா எழுந்து உள்ளே போனாள். கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புடவைகளை எண்ணெய்ப் பிசுக்குப் படாமல் துணி சுற்றிப் பரண்மேல் வைத்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் என் முடிவு முடிவுதான். ஜமாத்துக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், மண்டபத்துக்குச் சொல்லி வைத்ததையும் நிறுத்திவிடுங்கள். வாக்மேனையும் ஹெட்போனையும் இத்துடன் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். இனி நம் இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்கு மட்டும் போக்குவரத்து இருந்தால் போதும்.

மாமிக்கு என் சலாம். வீட்டுக் குழந்தைகளுக்கு என் துவா. ஜமீருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மனமுடைந்த
மெஹபூப் பாஷா

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதில் ஒரு வரியையும் மனதில் வைக்காதீர்கள். கடிதத்தை மடித்துவிட்டு ஒட்டுவதற்குப் பசை கேட்டேன். வஜிஹா கொண்டுவந்து என் இடது பக்கம் நின்று இந்தாங்க இந்தாங்க என்று இரண்டு தரம் சொன்னாளாம், நான் திரும்பவில்லையாம். என்னையே பார்த்துவிட்டு, பார்சலைப் பிரித்து ஹெட்போனை எடுத்தாள். "அத்தா, இத மாத்தி வெச்சுக் கேளுங்க" என்றாள். எல் போட்டிருக்குதும்மா, அது லெப்ட்டு என்றேன். "இருக்கட்டும்த்தா" என்று சொல்லி, சிவப்புப் பெயிண்ட் வைத்ததை அவளே என் வலது காதில் செருகினாள்.

அந்த மனுஷன் பாடினான் மச்சான். என்ன குரல்! அவள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இப்போது அவள்தான் எங்கோ பாகலூருக்குப் போய்விட்டாள். மறுபடி மாற்றி வைத்துப் பார்த்தேன், மறுபடியும் மாற்றினேன். வஜிஹா போதும் அத்தா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் லைனில் எல்லோருமே, நாள் முழுக்க இடிக்கிற பெரிய பிரஸ்ஸை இடது பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள், வேர்வையில் அரிக்கிறது என்று நாங்கள்தான் எடுத்துப் போட்டோம். ரிஜெக்ட் ஆனது அந்தப் பீஸ் இல்லையப்பா என்று நாளைக்குக் கோவிந்தப்பனிடம் எந்த வாயால் சொல்வேன் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்கிறாள் உங்கள் தங்கை. இரண்டாம் தரம் எழுத எனக்குத் தெம்பில்லை, நீங்கள் முதலில் இதைப் படித்துவிட்டு மேலே உள்ளதைக் கிழித்துப் போடுங்கள். ஜமீரிடம் நான் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மண்டபத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நிக்காஹ் அன்று பெண்ணின் அத்தாவையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைப்பார்கள், நீங்கள் நிக்காஹ் ஓதுகிற ஹஜ்ரத்திடம் சொல்லி அவனைக் கொஞ்சம் என் வலது பக்கமாக உட்கார வையுங்கள். அவன் மெதுவாகப் பேசுகிற பிள்ளை, கூட்டமும் இருக்கும். சம்மதம் என்று அவன் கபூல் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும்.