துரை விழுங்கிய கோல்

உப்பைக் கூட்டிப் போட்டு விருந்தைக் கெடுத்த சமையல்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் அளவாகப் போட்டு, அதனாலேயே ஒரு காற்பந்துக் கோப்பையைக் கவிழ்த்த சமையல்காரர் இந்த மலாயா முழுக்க ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தோட்டத்து பங்களா குசினி.

குசினி என்றால் அடுப்படி. ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயரை நான் யாரிடமும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

டுரியான் துங்கால் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் அங்கே ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. சாயங்காலமானால் காற்பந்துக் குழுவில் லெஃப்ட் பேக். குசினி மேட்டு பங்களாவில் வெள்ளைக்காரத் துரைக்குச் சமைத்துப் போட்டார். ஒல்லியான ஆள், வேட்டிக்கு மேல் துரை கழித்துப் போட்ட கோட்டு. மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இவர் கறியைப் பற்றிப் பேசுவார். "நேத்து எறாலு கொஞ்சம் கோவமா இருந்துச்சு தம்பி, தேங்காப்பாலு ஊத்திச் சமாதானப்படுத்துனேன்" என்பார். போதாததற்கு, எதிரே வருகிறவன் என்ன சாப்பிட்டான் என்பதை அவன் நடையை வைத்தே சொல்லிவிடுவார். "பழைய சோறு, கருவாடு, பாதி வயிறு" என்று கூலியாட்களை மேய்க்கிற பெரிய கங்காணியையே நடுரோட்டில் நிறுத்திச் சொன்ன மனுஷன்.

அந்த வருஷம் தோட்டங்களுக்குள் நடந்த கோப்பைப் பந்தயத்தில் நாங்களும் பாச்சாங் பக்கத்துத் தோட்டமும் சமமாக முடித்திருந்தோம். கோப்பை யாருக்கு என்று தீர்க்க எங்கள் திடலில் இன்னோர் ஆட்டம் வைத்தார்கள். ரெஃப்ரி வேறொரு தோட்டத்துத் துரை, சிம்பாங் அம்பாட் பக்கத்திலிருந்து வந்தவர். உதட்டை மூடுகிற மீசை வைத்திருந்ததால் எங்களுக்கு அவர் மீசைத் துரை. நியாயமான ஆள் என்று பெயர் எடுத்தவர். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மத்தியானம் எங்கள் துரை அவரை பங்களாவுக்குச் சாப்பிட அழைத்திருந்தார்.

மீசைத் துரை திடலின் நடுக்கோட்டில் வந்து நின்றார். நின்றார் என்றால், ஆட்டம் முழுக்க நின்றார். பந்து எந்தப் பக்கம் போனாலும் கழுத்து மட்டும் அந்தப் பக்கம் போய் வந்தது. இரண்டு குழுவும் கோல் போடாமலே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் எங்கள் வேலு அடித்த பந்து மேல்கட்டையின் அடியில் பட்டு, கோட்டுக்கு உள்ளே சேற்றில் விழுந்தது. அவர்கள் கோல்கீப்பர் அதை வாரி வெளியே எறிந்தார். கம்பத்துக்குப் பின்னால் வலை கிலை ஒன்றும் எங்களிடம் கிடையாது. நாங்கள் குதித்தோம். மீசைத் துரை அங்கிருந்தபடியே தலையை ஆட்டி, ஆடுங்கள் என்று கையைக் காட்டினார். அதை நாங்கள் கவனிக்கவில்லை, பாச்சாங்காரர்கள் கவனித்தார்கள். பந்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய் நிதானமாகக் கோல் போட்டுவிட்டார்கள். லெஃப்ட் பேக்காகிய நான் அந்த நேரத்தில் வேலுவைத் தோளில் தூக்கி வைத்திருந்தேன். அந்தக் கோலுக்கு மட்டும் விசில் உடனே வந்தது.

ஆட்டம் முடிந்த கையோடு கள்ளுக்கடை வாசலில் தோட்டமே கூடியது. எங்கள் கேப்டன் மாணிக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், யோசித்துப் பேசுகிற ஆள்.

"அந்தாளு நேர்மையானவருதான். ஆனா கிட்ட வந்து பாக்கலையே. ஏன் ஓடி வரல?" என்றார். பிறகு மெதுவாகக் குசினி பக்கம் திரும்பினார். "குசினிண்ணே, மத்தியானம் என்னா போட்டீங்க?"

குசினிக்கு இந்தக் கேள்வியைவிடப் பிடித்த கேள்வி உலகத்தில் இல்லை. "கோழிக் கறி, எறா சம்பாலு, முட்டக் கொழம்பு, கத்திரிக்கா வறுவலு. கடைசியா சவ்வரிசிக்கு மேல கூலா மலாக்கா, அந்தத் தென்ன வெல்லப் பாகு. மூணு தடவ வாங்கிச் சாப்புட்டாரு."

"மூணு தடவயா?"

"அது கோழி. சவ்வரிசி நாலு."

சொல்லி முடித்த பிறகுதான் கூட்டம் தன்னை எப்படிப் பார்க்கிறது என்பது அவருக்கு உறைத்தது. "ஒங்க கறிதான்ணே நம்ம கப்பத் தின்னுருச்சு" என்றான் வேலு.

இன்னொருவராக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார். குசினி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்கையால சாப்புட்டவன் காத்து மாதிரி இருப்பான்டா. ஓட முடியாம நிக்கல, ஓட வேண்டியதில்லன்னு நின்னாரு. அது கோலு இல்ல. அதான் குடுக்கல" என்றார். ஆக, அது கோல் இல்லை என்று சொன்ன ஒரே ஜீவன் எங்கள் தோட்டத்தில் அவர்தான். கறியின் மானத்தைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி இல்லை.

மறுநாள் மாணிக்கம் சேற்றில் பந்து விழுந்த தடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு வேலி போட்டார். சாட்சி அழியக்கூடாதாம். வேலைக்குப் போகிறவர்கள் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு செம்பருத்தியை வைத்தார்கள். அடுத்த நாள் மஞ்சளும் குங்குமமும் வந்துவிட்டன. விட்டிருந்தால் ஆடி மாதம் கூழ் ஊற்றியிருப்பார்கள். குசினியும் வந்து பார்த்தார். ஒரு கரண்டிக் காம்பை வைத்து அளந்துவிட்டு, "இது பந்து இல்ல, கீப்பரோட குதிகாலு. ரெண்டு வேள சோறு சாப்புட்ட குதிகாலு" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது வயசுக்காகத்தான். கடைசியில் யாருடைய மாடோ வேலியையும் தின்று சாட்சியையும் மிதித்துவிட்டது.

அதன்பிறகு லயத்தில், அதாவது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், எல்லாரும் குசினியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். எதிரே வருகிறவர்கள், நடையைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பாதையையே மாற்றிக்கொண்டார்கள். இருந்தாலும் மனுஷன் தினமும் சாயங்காலம் மேட்டிலிருந்து இறங்கி வந்து, தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்ப ஏறிப் போனார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மீசைத் துரை மறுபடியும் ஒரு ஞாயிறு பங்களாவுக்குச் சாப்பிட வந்தார். காலையிலேயே குசினி என்னைத் தேடி வந்தார். "கிராணித் தம்பி, நீ இங்கிலீஷ் படிச்சவன். வந்து குசினிக் கதவாண்ட நில்லு. நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். தொரை வாயாலயே வரணும்."

கதவு இடுக்கு வழியாக நான் பார்த்தேன். மீசைத் துரைக்கு முன்னால் குசினி வைத்த தட்டில் மசித்த உருளைக்கிழங்கு திடலாகப் பரவிக் கிடந்தது. இரண்டு கேரட் துண்டு கம்பங்கள், மேலே ஒரு பீன்ஸ். கம்பங்களுக்கு நடுவே குழம்பால் இழுத்த கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம், வெளியே, டின்னிலிருந்து எடுத்த ஒரே ஒரு பட்டாணி. எங்கள் துரையின் முகம் சிவந்தது. வேலை போயிற்று என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

"தொரை மன்னிக்கணும். அன்னிக்கி மேட்ச்சு. பந்து இங்கதானே?" என்றார் குசினி.

மீசைத் துரை தட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. முள்கரண்டியால் பட்டாணியை மெதுவாகக் கோட்டுக்கு உள்ளே தள்ளினார். பிறகு வெளியே இழுத்தார். எங்கள் துரையிடம் இங்கிலீஷில், அந்தப் பந்து தன் மனசை உறுத்திக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். அப்புறம் குசினியிடம் தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழில் திரும்பினார். சமையல்காரர் அவர்களுக்குக் 'குக்கி'.

"நான் பாக்கலே, குக்கி. அன்னிக்கி உன் கறி ரொம்ப நல்லா. புலி வந்தா கூட நான் ஓடாது."

சொல்லிவிட்டுப் பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

குசினி உள்ளே வந்து சுவரில் சாய்ந்தார். அந்த முகத்தில் செத்த வீடும் கல்யாண வீடும் ஒன்றாகத் தெரிந்தன. நான், "நமக்குள்ளயே இருக்கட்டும்ணே, யாருக்கும் சொல்ல வேணாம்" என்றேன்.

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "எப்படி தம்பி சொல்லாம இருக்கறது? புலி வந்தாக்கூட ஓட மாட்டாராம். கேட்டல்ல?" என்றார்.

அவரே லயத்துக்கு இறங்கி வந்தார். எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, துரை சொன்னதை அட்சரம் விடாமல் சொன்னார். "நீங்க சொன்னதுதான் சரி. எங்கறிதான் கப்பத் தின்னுச்சு" என்றார். நான் தலையை ஆட்டிச் சாட்சி சொன்னேன்.

அடி விழப்போகிறது என்று நான் நினைத்தேன். மாணிக்கம்தான் வாயைத் திறந்தார். "ஏண்ணே, இத்தன வருசமா மேட்டுல ஆக்குறீங்க. நம்மள்ல ஒருத்தனாவது அத வாயில வச்சிருக்கானா?"

அப்போதுதான் எல்லாருக்கும் அது தோன்றியது. கோழிகள் எங்கள் லயத்தில் வளர்ந்தவை. வாசனை காற்றில் வந்துகொண்டுதான் இருந்தது. சாப்பிட்டவர்கள் மட்டும் வேறு.

அடுத்த ஞாயிறு துரை மலாக்கா டவுனுக்குப் போயிருந்தார். வீட்டுக்கொரு கோழி சேர்ந்தது. குசினி திடல் ஓரத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினார். வாழை இலை போட்டு வரிசையாக உட்கார்ந்தோம். மாணிக்கத்தின் மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது எங்க கோழிதானே? எங்கிட்ட இருந்த வரைக்கும் இவ்வளவு ருசின்னு காட்டிக்கவே இல்லையே" என்றார். குசினி பரிமாறிக்கொண்டே போனார். மூன்று தடவை, நாலு தடவை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பந்து விளையாடுவதாகத் திட்டம். மாணிக்கம் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நாலடி நடந்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி நடுக்கோட்டைப் பார்த்தார்.

"பாவம்பா மீசத் தொரை. இதத் தின்னுட்டு அது வரைக்கும் எப்படி நடந்து வந்தாருன்னே தெரியல" என்றார்.

கோப்பை பாச்சாங் பக்கமே இருந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போதும் ஏதாவது ஆட்டத்தில் ரெஃப்ரி பந்துக்கு வெகு தூரத்தில் நின்றுகொண்டு விசில் ஊதினால், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் திட்டுவார்கள். எனக்கு மட்டும் திட்ட வாய் வருவதில்லை. எங்கேயோ ஒரு நல்ல கை அவருக்குச் சோறு போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.