தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மிளகுச்செடி

டம்ளரில் நின்ற குச்சிகள் அத்தனையும் அழுகிவிட்டிருந்தன. டெஸ் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேறு. இப்போது நெரிடா போன் செய்வாள். முதல் கேள்வியே குச்சியைப் பற்றித்தான் இருக்கும்.

நெரிடா அவர் மனைவி. இடுப்பு ஆப்பரேஷன் செய்துகொண்ட தன் அக்கா பெரிலைப் பார்த்துக்கொள்ள லான்செஸ்டன் நகரத்துக்குப் போனவள். அக்கா எழுந்து நடந்து, இப்போது நடன வகுப்புக்கே போகிறாள். நெரிடா மட்டும் ஹுவான் பள்ளத்தாக்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பவில்லை. "இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வரேன்" என்றாள். அந்தக் கொஞ்சம் ஒரு முழுக் கோடையை விழுங்கிவிட்டது.

ஏன் வரவில்லை என்று டெஸ்ஸுக்குத் தெரியும். நாற்பது வருஷமும் அவள் பேசப் பேச, அவர் "ம்" போட்டுக்கொண்டு கால்பந்து பார்த்தார். வெறும் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. போனில் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

போன பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"தொட்டிப் பக்கத்து மிளகுச்செடியில ஒரு குச்சி ஒடிச்சு, வேர் பிடிக்க வெச்சுக் கொண்டு வா. பெரில் தோட்டத்துல நடணும்."

அதற்கப்புறம் நீளமாக ஏதோ விளக்கினாள். டிவியில் ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. டெஸ் "ம்" போட்டார்.

தொட்டிப் பக்கத்தில் நின்றவை இரண்டு; கொடி மிளகு அல்ல, அந்த ஊர் மலைக்காடுகளில் வளரும் புதர் மிளகு. ஒன்றில் சிவந்த தண்டெல்லாம் கறுப்புப் பழம் கொத்துக்கொத்தாகத் தொங்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மற்றதில் பழம் என்று ஒன்று வந்ததே இல்லை. எந்தச் செடியைக் கேட்டாள் என்று யோசிக்கவும் வேண்டுமா? அந்தக் குச்சி வேர் விட்டால் நெரிடா மனமிறங்கித் தன்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று டெஸ் நம்பினார்.

போன் அடித்தது.

"வேர் வந்துதா?"

"வந்துட்டிருக்கு."

"பொய் சொன்னா உன் குரல் ஏறும், டெஸ்."

"சளி பிடிச்சிருக்கு."

பக்கத்து வீட்டு க்ளாரி வாழ்நாளில் ஆப்பிளைத் தவிர எதையும் வளர்த்ததில்லை. ஆனால் யோசனைக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது.

"தண்ணியிலயா வெச்ச? அது என்ன பூங்கொத்தா? முனையைத் தேன்ல தோய்ச்சு மண்ணுல குத்துப்பா."

குத்தினார். மறுநாள் ஜன்னல் வழியாக எறும்பு ஊர்வலம் வந்தது. குச்சியில் தொடங்கி, சர்க்கரை ஜாடியைப் பார்த்துவிட்டு, ரொட்டியில் குடியேறியது. டெஸ் எறும்பு மருந்தைக் கை கொள்ளும் மட்டும் அள்ளித் தூவினார். எறும்பும் செத்தது, குச்சியும் செத்தது.

"எவ்வளவு தேன் தொட்ட?" என்றார் க்ளாரி.

"பாட்டிலுக்குள்ள விட்டு எடுத்தேன்."

"நல்லா எடுத்த போ. சரி, இதுக்குச் சூடு வேணும். பிளாஸ்டிக் பையால மூடிக் கணப்புப் பக்கத்துல வை."

வைத்தார். குளிராக இருக்கிறதே என்று விறகைக் கூடுதலாகப் போட்டுவிட்டு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தார். பை உருகி, குச்சியெல்லாம் வெந்து, வீடு முழுக்கக் காரமாக மணத்தது. அன்று முதல்முறையாக டிவியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு தடவையும் புதுக் குச்சி வேண்டியிருந்ததால், பழச்செடி ஏறக்குறைய மொட்டையாகிவிட்டது.

"நெரிடா இதைப் பாத்தா உன்னையே ஒடிச்சு நட்டுருவா" என்றார் க்ளாரி.

செடி மறுபடி தழைக்க வெளிச்சம் வேண்டும். டெஸ்ஸின் பார்வை மற்ற செடிமேல் விழுந்தது.

"பக்கத்துல ஒட்டி நின்னு பழச்செடியோட தண்ணியையும் வெயிலையும் குடிக்கிற. என்னிக்காவது ஒரு பழம் குடுத்திருக்கியா? தண்டச்சோறு."

ரம்பத்தால் அறுத்து, வேரையும் தோண்டி எடுத்து, எல்லாவற்றையும் கணப்பில் போட்டு எரித்தார். யாரும் சொல்லாமல் தானாகச் செய்த முதல் தோட்டவேலை என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியில் பிழைத்தது ஒரே ஒரு குச்சி. கொட்டகைக்குப் பின்னால் ஒரு மணல் வாளியில் செருகிவிட்டு அவர் மறந்தே போனது. யாரும் கவனிக்காததால் அது நிம்மதியாக வேர் விட்டிருந்தது. வெள்ளை வேரைப் பார்த்ததும் டெஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

வசந்தம் வந்ததும் அதைப் பூந்தொட்டியில் மாற்றி, வண்டியின் முன்சீட்டில் வைத்து, சீட்பெல்ட்டும் போட்டு, லான்செஸ்டனுக்கு ஓட்டினார். வழியெல்லாம் செடியிடம் ஒத்திகை பார்த்தார்.

"நெரிடா, நீ சொன்னது எதையும் நான் காதுல வாங்கல. தப்புதான். வீட்டுக்கு வா."

கதவைத் திறந்தது பெரில்.

"அவ ரொட்டி வாங்கப் போயிருக்கா. பின்னால வா. கொண்டு வந்துட்டியா?"

பின்தோட்டத்தில், சிவந்த தண்டும் பளபளத்த இலையுமாக, ஆள் உயர மிளகுச்செடி ஒன்று ஏற்கெனவே நின்றது.

"இது இங்கயே இருக்கே" என்றார் டெஸ்.

"உங்க வீட்டுப் பழச்செடியோட குச்சிதான். எப்பவோ அவளே கொண்டாந்து நட்டது. இதுவரைக்கும் ஒரு பழம் பிடிக்கல. இது பொம்பளைச் செடி, பக்கத்துல ஆம்பளைச் செடி நின்னாத்தான் காய்க்குமாம். அதான் உங்கிட்ட அந்த ஆம்பளைச் செடியில ஒண்ணு கேட்டா. விவரமா சொன்னேன்னாளே?"

"சொன்னா" என்றார் டெஸ்.

பெரில் தொட்டியை எட்டிப் பார்த்தாள். "இது எதோட குச்சி?"

"பழம் காய்க்கிறதோட."

"போச்சு. சரி, பரவால்ல. திரும்பிப் போய் மத்ததுல ஒடிச்சிட்டு வா."

டெஸ் தொட்டியைக் கீழே வைத்தார்.

"அதை வேரோட எடுத்து எரிச்சிட்டேன், பெரில். இத்தனை வருஷமா ஒரு வேலையும் செய்யாம சும்மாவே நின்னுது."

பெரில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாப்பது வருஷமா இந்த மனுஷனை எதுக்குக் கூட வெச்சிருக்கன்னு அவகிட்டக் கேட்டேன் டெஸ், அப்ப அவ உனக்கு உதாரணமா அந்த ஆம்பளைச் செடியைத்தான் சொன்னா."